கப்பலில் வந்த சக்களத்தி

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருஷம், சித்திரை வெயிலில், என் மச்சான் சைகோனிலிருந்து வந்து சேர்ந்தார். எட்டு வருஷம் கழித்து வருகிறவர். நான் விடிந்ததும் குளித்து, பெட்டியில் மடித்து வைத்திருந்த பச்சைப் பட்டுச் சேலையை எடுத்து உடுத்தி, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வாடகைக் காரிலிருந்து முதலில் ஒரு டிரங்குப் பெட்டி இறங்கியது. அப்புறம் அவர் இறங்கினார். அப்புறம் கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு நாய் இறங்கியது.

எட்டு வருஷத்துக்குப் பிறகு கமாலுதீன் மரைக்காயர் தம் பெண்சாதியைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை இது:

"கைரு, ஓடிப் போயி ஒரு சட்டியில தண்ணி கொண்டா. பாவம், அதுக்கு நாக்கு வறண்டு போச்சு."

கொண்டு வந்தேன். சட்டியை நங்கென்று வைத்தேன். அந்தச் சத்தத்துக்கு நாய் என்னை ஒரு தடவை பார்த்தது. அவர் அதுகூடப் பார்க்கவில்லை.

எங்கள் தெருவில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்கு. இந்த வீடும் என் வாப்பா எனக்குக் கொடுத்தது. கேட்க எனக்கு உரிமை இருந்தது, கேட்டேன்.

"யாரைக் கேட்டு இதைக் கூட்டிக்கிட்டு வந்தீங்க? நாய் இருக்குற வீட்டுக்குள்ள வானத்து மலக்குமார் எறங்கி வரமாட்டாங்கன்னு தெரியாதா?"

"காவலுக்கு வச்சுக்க மார்க்கத்துல எடம் இருக்கு. கொல்லையிலதானே கெடக்கப் போவுது," என்றார். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "பேரு ஹனா. ஜப்பான் பாஷையில பூன்னு அர்த்தம்," என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து எனக்கு ஒரு முழம் பூ வாங்கித் தந்தவரில்லை. பூ என்று பெயர் வைத்த ஒன்றைக் கப்பலேற்றிக் கடல் தாண்டிக் கொண்டு வந்திருக்கிறார்.

அன்று சாயந்திரம் தெரு ஆண்களெல்லாம் கொல்லையில் கூடிவிட்டார்கள். நாயின் கதையை அவர் சொல்ல, நான் அடுப்படி ஜன்னலில் நின்று கேட்டேன். சைகோனில் இவருடைய ஜவுளிக்கடைக்கு எதிர்வீட்டில் ரப்பர் தோட்டத்துப் பிரெஞ்சுக்கார முசே ஒருவர் இருந்தாராம். ஜப்பானிலிருந்து குட்டியாக வரவழைத்து வளர்த்தது அவர்தான். சண்டை முற்றி வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிய சமயம், ஒரு நாள் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இவர் கடையில் நாயைக் கட்டிவிட்டு, அந்த முசே பெட்டியோடு கப்பலேறிவிட்டார். நாய் துறைமுகப் பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு சோறு தண்ணீர் இல்லாமல் கடைவாசலில் கிடந்ததாம். பல நாள் கழித்து இவர் கையிலிருந்து ஒரு கவளம் வாங்கித் தின்றதாம்.

"அன்னிக்கு என்னைத் தன் ஆளுன்னு எடுத்துக்கிட்டுது. இந்தச் சாதி அப்படித்தான். ஒரு ஆளைத்தான் ஆளுன்னு நெனைக்கும்," என்று சொல்லும்போது அவர் குரல் கம்மியது.

எனக்கு அடிவயிறு எரிந்தது. ஒரே ஆளை ஆள் என்று நினைத்துக்கொண்டு இந்த வீட்டிலும் ஒருத்தி கிடந்தாள். பிள்ளை பாக்கியமும் இல்லாமல், சுவரோடு பேசிக்கொண்டு கிடந்தாள். அவளுக்காக அந்தக் குரல் கம்மி நான் கேட்டதில்லை. ஒவ்வொரு தடவை கப்பலுக்குப் புறப்படும்போதும் நான் அழுவேன். அவர் என் தலையில் ஒரு தட்டு தட்டி, "பழகிடும் கைரு, பழகிடும்," என்பார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது.

பொய் சொல்லக் கூடாது, அது அழகுதான். முதுகு செம்பட்டை, மார்பும் கால்களும் வெள்ளை. கரடித் தலை. சின்னக் காதுகள் விறைத்து முன்னால் சாய்ந்திருக்கும். வால் முறுக்கு மாதிரி முதுகின்மேல் சுருண்டிருக்கும். குரைக்கவே குரைக்காது. தெருநாய் ஏதாவது வேலிக்குள் தலையை நீட்டினால் மட்டும் எழுந்து நிற்கும்; முதுகு முடி சிலிர்த்துக்கொள்ளும். நீட்டிய தலை தானாகத் திரும்பிப் போய்விடும்.

பால்காரர் கருப்பையன் தெரியாமல் ஒரு காலை கொல்லைப் படலைத் திறந்து வந்துவிட்டார். சத்தமே இல்லை. பால் வரக்காணோமே என்று நான் போய்ப் பார்த்தால், மனுஷர் சுவரோடு ஒட்டி நிற்கிறார், கையில் செம்பு ஆடுகிறது. ஹனா அவருக்கும் வீட்டுக் கதவுக்கும் நடுவில் சும்மா நிற்கிறது. பல்லைக்கூடக் காட்டவில்லை.

"கடிக்குமாம்மா?" என்றார், உதடு மட்டும் அசைய.

"மச்சான் தொழுதுட்டு வர்ற வரைக்கும் அசையாம நில்லுங்க. அவங்க சொன்னாத்தான் அது கேக்கும்," என்றேன்.

என் வீடு, என் பால்காரர், என் செம்பு. விடுவிக்க மட்டும் எனக்கு அதிகாரம் இல்லை.

விடிந்தால் ஆரம்பித்துவிடும் இருவருக்கும். அது வந்து அவர் மணிக்கட்டை வாய்க்குள் வைத்துக்கொள்ளும். பல் படாது. புதுப்பெண்ணைக் கைபிடித்து அழைத்துப் போவதுபோல அவரைப் புங்கமரத்தடிக்கு அழைத்துக்கொண்டு போகும். அங்கே இரும்புச் சீப்பால் தலையிலிருந்து வால்வரை வாருவார். காதுக்குள் துணி விட்டுத் துடைப்பார். பாத விரல்களுக்கு நடுவே முள் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பார். எனக்கு முதுகுவலி வந்து மாசக்கணக்காகிறது என்பது அவருக்குத் தெரியாது. அதன் இடதுகால் நகம் கொஞ்சம் வளைந்திருப்பது தெரியும்.

பேச்சு முழுக்க பிரெஞ்சு. "வியாங் ஹனா, வியாங்," என்றால் வா என்று அர்த்தமாம். என்னோடு பேசியதெல்லாம் உப்பு, புளி, மீன் என்ன விலை.

சோறும் தனி. உப்பு கூடாது, காரம் கூடாது, வெங்காயம் கூடவே கூடாது. மீனை அவித்து, உட்கார்ந்து முள்ளெடுத்து, சோற்றில் பிசைந்து கையாலேயே கொடுப்பார். எனக்கு ஒரு நாள் முள் தொண்டையில் சிக்கியபோது, "பாத்துத் தின்னக் கூடாதா?" என்றவர் இவர். நாயின் எச்சில் பட்டால் எங்களுக்கு நஜீஸ், அசுத்தம். ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கரைத்த தண்ணீர். அவர் முகம் சுளிக்காமல், தினமும், கிணற்றடியில் நின்று ஏழு தடவை கழுவினார். பாட்டுக்கூட முணுமுணுத்துக்கொண்டு கழுவினார்.

"என்னா புள்ள, ஓஞ் சக்களத்தி தலைவாரி முடிச்சாச்சா?" என்று மதில்மேலால் கேட்பாள் பின்வீட்டு ஆஸியா பீவி.

"முடிச்சாச்சு. பூ வைக்கிறதுதான் பாக்கி."

"சக்களத்தியா இருந்தாலும் நீ அதிர்ஷ்டக்காரி. நகை கேக்காத சக்களத்தி."

ஆஸியா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மனுஷியாக இருந்தால் மயிரைப் பிடித்து இழுத்திருப்பேன். இதன் மயிரைப் பிடிக்க எனக்குப் பயம்.

வைகாசியில் அந்த மயிரே உதிர ஆரம்பித்தது. பஞ்சு பஞ்சாக உதிர்ந்தது. புங்கமரத்தடியில் உதிர்ந்தது காற்றில் ஏறி முற்றத்துக்கு வந்தது, அடுப்படிக்கு வந்தது, தொழுகைப் பாயில் ஒட்டியது, ஒரு வெள்ளிக்கிழமை தேங்காய்ச் சோற்றிலும் விழுந்தது. நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

பக்கத்து வீட்டிலிருந்து பீர் மைதீன் மாமா வந்திருந்தார். என் உம்மாவின் தம்பி. பிரெஞ்சுச் சிப்பாய்களுக்குக் கால்சட்டை தைத்துப் பிழைத்தவர். கொடி போனதோடு அந்தத் தொழிலும் போய், பெரிய கத்திரிக்கோலும் நிறைய நேரமும் மட்டும் மிச்சமாக இருந்தவர்.

"குளிர் தேசத்து சீவன் மாப்பிள்ளை. இந்த வெக்கையில கம்பளியைப் போத்திக்கிட்டு எப்படி இருக்கும்? முடியை எறக்கிட்டா சூடு தணியும்," என்றார்.

"வேணாம் மாமா. இதுக்கு முடியை வெட்டவே கூடாது. ரெண்டு அடுக்கு. உள்ள பஞ்சு, மேல முடி. குளிருக்கும் அதான் போர்வை, வெயிலுக்கும் அதான் கொடை. வாரி விட்டாப் போதும்," என்றார் மச்சான்.

மாமா தலையை ஆட்டினார். ஒப்புக்கொண்ட ஆட்டல் இல்லை அது.

அதே வாரம் விழிதியூர் மிராசுதார் சிதம்பரநாதன் ஹனாவைப் பார்க்க வந்தார். தம் களத்துக்குக் காவலாக அதைக் கேட்டார். மச்சான் சிரித்து மறுத்தார். பேச்சுவாக்கில் மிராசுதார், "திரும்பச் சைகோனுக்கு எப்ப பயணம்?" என்று கேட்டார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அதை நான் கேட்கப் பயந்துகொண்டே இருந்தேன்.

"எங்கேங்க போறது? இன்னொரு கப்பலை இது தாங்காது. என் கையில தவிர வேற கையில திங்காது. இதை யாருகிட்ட விட்டுட்டுப் போறது? இனிமே காரைக்கால்தான்," என்றார் மச்சான்.

நான் அழுது அழுது கேட்டும் நிற்காத மனுஷர், ஒரு நாய்க்காக நின்றுவிட்டார். சந்தோஷப்படுவதா, கிணற்றில் விழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் என்னோடு இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நான் வாழ்நாளெல்லாம் கேட்டது. அது கிடைத்தது. கொடுத்தது என் சக்களத்தி. அவளைத் துரத்தினால் அவர் போய்விடுவார். அவள் இருக்கும்வரை அவர் என்னைப் பார்க்கமாட்டார். அன்றிலிருந்து அந்த நாயை இன்னும் அதிகமாக வெறுத்தேன். அதன் தண்ணீர்ச் சட்டி காலியாகாமலும் பார்த்துக்கொண்டேன்.

ஆனியில் சைகோன் கடையின் கூட்டாளி முகைதீன் பிச்சை புதுச்சேரிக்கு வந்திருப்பதாகத் தகவல் வந்தது. பங்கைப் பிரித்துக் கணக்கை முடித்துவிட்டு ஒரு வாரத்தில் திரும்புவதாகச் சொல்லி மச்சான் புறப்பட்டார். ஹனாவிடம் குந்தி உட்கார்ந்து நிறைய பிரெஞ்சு பேசினார். என்னிடம், "கண்ணை உத்துப் பாக்காதே. திங்கும்போது கிட்டப் போகாதே. பின்னால போயி தொடாதே," என்றார். அதுதான் எனக்குச் சொன்ன பிரியாவிடை.

ஹனா படலைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. நான் நீளக் கரண்டியால் சோற்றைத் தள்ளி வைத்தேன். தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. மூன்றாம் நாள் நான் அம்பகரத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினால், கொல்லையில் பீர் மைதீன் மாமா நிற்கிறார். கையில் கத்திரிக்கோல். காலடியில் ஒரு மெத்தைக்கு ஆகும் பஞ்சு.

கழுத்திலிருந்து இடுப்புவரை, வலதுபக்கம் முழுவதும், தோல் தெரிய வெட்டியிருந்தார். இளஞ்சிவப்புத் தோல். ஹனா அசையாமல் நின்றுகொண்டிருந்தது. முதுகில் ஏதோ ஓடியதும் சீப்பு என்று நினைத்துக்கொண்டு, அவர் வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

"அட நிறுத்துங்க மாமா!"

"பாதிதான் புள்ள ஆயிருக்கு. சூட்டுலதான் சோறு எறங்கலை. பச்சப்புள்ளைக்கு முடி எறக்கினா உடம்பு குளிருதா இல்லையா? அந்த மாதிரிதான்."

குழந்தைக்குச் செய்வதுபோல முடியை நிறுத்து, அந்த எடைக்கு வெள்ளி தானம் பண்ணுவது ஒன்றுதான் பாக்கி. நான் கத்திரிக்கோலைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டேன்.

மச்சான் சொன்னது அப்படியே நடந்தது. குடையைப் பிடுங்கியாயிற்று, அன்று சாயந்திரத்துக்குள் தோல் செங்காயாகச் சிவந்தது, மறுநாள் கொப்புளம் கண்டது. ஹனா நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தது, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆஸியா மதில்மேலால் பார்த்துவிட்டு, "பொழைக்காது போல இருக்கே கைரு. ஓன் பாடு நிம்மதி," என்றாள்.

நிம்மதியா? இது செத்தால் அவர் அடுத்த கப்பலில் ஏறிவிடுவார். முகைதீன் பிச்சை அங்கேயே இருக்கிறார்.

புங்கமர நிழலிலும் அனல் அடித்தது. கழுத்துக் கயிற்றைப் பிடித்து, பிஸ்மி சொல்லி, ஹனாவை வீட்டுக்குள் கொண்டு வந்தேன். முற்றத்துத் தாழ்வாரத்தில் ஈரச்சாக்கு விரித்துப் படுக்க வைத்தேன்.

"வீட்டுக்குள்ளயா? மலக்குமார்..." என்று ஆரம்பித்தார் மாமா.

"வெட்டினது யாரு? பேசாம போயி ஒரு பழைய வேட்டி கொண்டாங்க."

கொண்டு வந்தார். தப்பு செய்த முகத்தோடு உட்கார்ந்து, சிப்பாய்க்குக் கால்சட்டை தைத்த கையால் நாய்க்கு ஒரு வெள்ளைச் சட்டை தைத்தார். முன்னங்கால் இரண்டுக்கும் கச்சிதமாகக் கைவைத்த சட்டை. நான் கொப்புளத்தில் தேங்காயெண்ணெய் தடவி, அதைப் போட்டுவிட்டேன்.

அப்புறம் மீனை அவித்தேன். உட்கார்ந்து முள்ளெடுத்தேன். கஞ்சியில் கரைத்து, உள்ளங்கையில் ஏந்தி, அதன் மூக்குக்குக் கீழே நீட்டினேன். கண்ணை உற்றுப் பார்க்கக் கூடாது. சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினேன்.

"ஒன்னை எனக்குப் பிடிக்காது. அது ஒனக்கே தெரியும். ஆனா செத்துத் தொலைச்சிடாதே. நீ செத்தா அந்த மனுஷர் போயிடுவாரு. தின்னு. அவருக்காகத் தின்னு. நானும் அவருக்காகத்தான் ஊட்டுறேன்."

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, கை மரத்துவிட்டது. கடைசியில் சூடான நாக்கு உள்ளங்கையில் பட்டது.

கிணற்றடியில் ஏழு தடவை கழுவினேன். திரும்பி வந்து மறுபடி ஊட்டினேன், மறுபடி ஏழு தடவை. கையெல்லாம் மண்வாசம். வெட்டாத பக்கம் சிக்குப் பிடித்துப்போகவே, இரும்புச் சீப்பை எடுத்து வாரினேன். வாரும்போது நிறையப் பேசினேன். அது காதை என் பக்கம் திருப்பிக் கேட்டது. இந்த வீட்டில் நான் பேசியதை ஒருவர் முழுசாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒரு விடியற்காலை, அடுப்பைப் பற்றவைக்க எழுந்தபோது, சட்டையும் அதுவுமாக வந்து என் மணிக்கட்டை வாய்க்குள் வைத்துக்கொண்டது. பல் படவில்லை. புங்கமரத்தடிக்கு என்னை அழைத்துக்கொண்டு போனது. நான் போனேன்.

சொன்ன வாரத்துக்கு மேலும் சில நாள் கழித்து மச்சான் வந்தார். வாசலிலிருந்தே, "ஹனா, வியாங்!" என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தார். நாய்க்குச் சட்டை போட்டிருப்பதைப் பார்த்துத் திகைத்தார். மாமாவின் கதையைச் சொன்னேன். மாமாவைத் திட்டினார், கண் கலங்கினார், கையை நீட்டினார். ஹனா எழுந்து போனது. அவர் கையை மோந்தது, வாலை ஒரு தடவை ஆட்டியது. பிறகு திரும்பி வந்து என் பாதத்தின்மேல் உட்கார்ந்துகொண்டது.

எனக்கு வயிறு குளிர்ந்தது. ஏன் மறைக்க வேண்டும்? அவருக்கும் அவருடைய பூவுக்கும் நடுவில் நான் போய் நின்றுவிட்டேன். மத்தியானத்துக்கு வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்தேன்.

அவர் சாப்பிட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார். வந்த நாளிலிருந்து அப்படிப் பார்த்ததில்லை.

"ஒன் கையில திங்குதா கைரு?"

"என் கையிலதான் திங்குது."

"அல்ஹம்துலில்லாஹ்!" அவர் முகம் மலர்ந்தது. "முகைதீன் பிச்சை ஒத்தக்கால்ல நிக்கிறாரு. கடை இப்பத்தான் தூக்குது, நீ இல்லாம முடியாதுங்குறாரு. ஹனாவை விட்டுட்டு எப்படிப் போறதுன்னு தலையைப் பிச்சுக்கிட்டே வந்தேன். அல்லா வழிவிட்டுட்டான். இனிமே எனக்குக் கவலை இல்லை."

என் கையிலிருந்த அகப்பை குழம்புச் சட்டிக்குள் போய்விட்டது.

"அப்ப நான்?"

"நீயா?" அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "நீதான் இருக்கியே."

அவரை இந்த வீட்டோடு கட்டி வைத்திருந்த ஒரே கட்டுத்தறியை நானே முள்ளெடுத்து, ஊட்டி, பிடுங்கிப் போட்டிருக்கிறேன். அன்றிலிருந்து மீன்சட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் கதவைச் சாத்திக்கொண்டேன். ஹனா அவர் நீட்டிய கவளத்தை மோந்துவிட்டு, அடுப்படிக் கதவின் முன்னால் வந்து படுத்துக்கொண்டது. பட்டினி கிடந்தது. நான்தான் கடைசியில் கதவைத் திறந்தேன்.

"அதையும் கூட்டிக்கிட்டுப் போங்க," என்றேன் ஒரு நாள், ஆத்திரம் தாங்காமல்.

"ஒன்னை விட்டு அது வராது கைரு. இந்தச் சாதி அப்படித்தான்," என்றார்.

ஆவணியில் டிரங்குப் பெட்டி கூடத்துக்கு வந்தது. அதைக் கண்டதும் ஹனா எழுந்து போய்ச் சுவர்ப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்குப் பெட்டி தெரியும். எனக்கும் தெரியும்.

புறப்படும் நாள் வாசலில் கார் நின்றது. மாமா பெட்டியை ஏற்றினார். நான் தாழ்வாரத்துத் தூணோடு நின்றிருந்தேன். ஹனா என் காலடியில் படுத்து, தாடையை என் பாதத்தில் வைத்திருந்தது. புதுமுடி அரையங்குலம் வளர்ந்திருந்தது. மச்சான் சலவைச் சட்டை கசங்க அதன் முன்னால் குந்தினார்.

"ஹனா, வியாங்."

அது காதைக்கூட அசைக்கவில்லை.

"வியாங்மா... ஒரு தடவை வா."

தாடை என் பாதத்திலேயே இருந்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எட்டு வருஷம் என் நிலைக்கண்ணாடியில் தினம் பார்த்த பார்வை அது. அவர் முகத்தில் இப்போதுதான் பார்க்கிறேன். என்னைக் கண்டு எரிந்தார். "என்னத்தைப் பண்ணினே அதை?" என்றார். குரல் கம்மியிருந்தது.

நான் அழவில்லை. குனிந்து அவர் தலையில் ஒரு தட்டு தட்டினேன்.

"பழகிடும் மச்சான்," என்றேன். "பழகிடும்."